சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பையன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும். ஆள் முகம் மறக்காது, வருசமும் தேதியும் நிற்காது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அதனால் எங்கள் முகாம் டாக்டர், "பேச வேண்டாமுங்க மைமூனக்கா, எழுதிக் குடுத்துருங்க. புதுசா உதவிக்கு வர்ற புள்ளைங்க படிச்சுக்கட்டும்" என்று ஒரு நோட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். அதில்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். கல்யாணமான மறு வருசம் சேர்ந்தேன். கண்ணில் புரை விழுகிற வரை அதே மேஜைதான். தைத்து வருகிற பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை. எனக்கு அது பொருந்திப் போயிற்று.

ஆனால் இங்கே எழுதப்போவது எங்கள் ஜமாஅத்து நடத்துகிற சுன்னத் முகாமில் நான் பார்த்த வேலையை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன்களுக்குச் சிறு வயதிலேயே முன்தோலை நீக்குவதுதான் சுன்னத். மாலை போட்டு, புதுத்துணி உடுத்தி, ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூப்பிட்டுச் செய்வதால் சுன்னத் கல்யாணம் என்போம். பையனுக்கு அது பெரிய நாள். அந்தப் பெரிய நாளில் பையன் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்காகப் பார்த்த வேலை இது.

1. வெள்ளைத் துணி

முகாம் வருவதற்கு முன்னால் ஒஸ்தா வீட்டுக்கே வந்து செய்வார். ஒஸ்தா என்றால் பரம்பரையாகச் சுன்னத் செய்கிறவர். எங்கள் பகுதி ஒஸ்தா பெயர் இபுராகிம். நல்ல கை. பையனிடம், "அங்க பாரு, ஓட்டு மேல மயிலு" என்பார். பையன் நிமிர்ந்து மயிலைத் தேடிவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

என் மகன் சாதிக்குக்கு ஆறு வயதில் அவர்தான் செய்தார். காயத்தில் கட்டச் சுத்தமான வெள்ளைத் துணி வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பினார். பழைய வேட்டியை வெந்நீரில் அலசி, வெயிலில் காயப் போட்டுக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். என் மகனுக்குப் பழந்துணியா என்று எனக்கு இருந்தது. கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை கிடந்தது. அதில் பஞ்சு மாதிரி மெத்தென்று, பளிச்சென்று வெள்ளையாக இருந்த துண்டுகளைப் பொறுக்கி மடித்து எடுத்து வந்தேன். எக்ஸ்போர்ட் துணி. வெளிநாட்டுக்காரன் உடம்புக்கு ஆகிற துணி என் மகன் காயத்துக்கு ஆகாதா?

திருப்பூர்க்காரிக்குத்தான் இந்தப் புத்தி வரும். வண்டி துடைக்க, அடுப்பு துடைக்க, பிள்ளைக்கு மூக்குத் துடைக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்தான்.

அந்தத் துணி வெள்ளை, ஆனால் சுத்தம் இல்லை. பட்டறையில் வெளுக்கப் போட்ட மருந்து அதில் இருக்கிறது. மெஷின் எண்ணெய் இருக்கிறது. மேஜைக்கு அடியில் அத்தனை பேர் மிதித்த அழுக்கு இருக்கிறது. கறை எடுக்க ஸ்பாட் கன்னில் மருந்து அடிப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள். எல்லாம் தெரிந்தும், அன்றைக்கு அந்த வெள்ளை நிறம் என் கண்ணைக் கட்டிவிட்டது.

நாலாம் நாள் சாதிக்குக்குக் காய்ச்சல் அடித்தது. காயம் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என் வீட்டுக்காரரைத் திட்டினார். என் வீட்டுக்காரர் வெளியே வந்து ஒஸ்தாவைத் திட்டினார். "கத்தியக் கழுவாம வெச்சுட்டான் அந்த ஆளு" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துணி எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றி ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். வந்த பேச்சு வந்த வழியே உள்ளே போய்விட்டது.

சாதிக் தேறிவிட்டான். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பேசி முடிக்கிற மெர்ச்சண்டைசராக இருக்கிறான். நான் பேசாததற்கும் சேர்த்துப் பேசுகிறான். ஒஸ்தாவை மட்டும் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. கத்தியை மடித்து வைத்துவிட்டு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கியா புள்ள? பையன் எப்படி இருக்கறான்?" என்று அவர்தான் கேட்பார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாக நடப்பேன். இப்படியே பல வருசம் போயிற்று.

2. ரிஜெக்ட் மேஜை

கண் ஆபரேசன் முடிந்து வீட்டில் இருந்த சமயத்தில் ஜமாஅத்தில் இலவச முகாம் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட லீவு நாளில், மதரஸா ஹாலில். துணி அலசவும் பையன்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆயாவாக என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் குன்னத்தூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. ஆபரேசன் டாக்டர். ஜமாஅத்துச் செயலாளர் காசிம் பாய், சொந்தமாகப் பவர் டேபிள் போட்டு, பனியன் தைத்துக் கொடுக்கிறவர். முதல் நாள் காலையிலேயே காசிம் பாய் ஒரு பெரிய பையோடு வந்தார்.

"டாக்டருங்க, கட்டுப் போடறதுக்குத் துணி கொண்டாந்திருக்கறனுங்க. நம்ம கம்பெனி வேஸ்ட்டு. ஒரு பொட்டு கறை கெடையாது."

பையைத் திறந்து பார்த்தேன். அதே வெள்ளை.  பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டார். "ஏனுங்க அக்கா, அத எங்க கொண்டு போறீங்க?"

"உங்க வண்டி தொடைக்கறதுக்குங்க" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டர் சிரித்த சிரிப்பில் காசிம் பாய்க்கு மூஞ்சி சிறுத்துப் போயிற்று. "அக்கா சொல்றது சரிங்க பாய். நம்மூர்ல பாதிப் புண்ணு அந்தத் துணியாலதான் கெடுது. மருந்துக் கடைக் காஸ் துணி தவிர எதுவும் வேண்டாமுங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து கட்டுத்துணி என் பொறுப்பு.

இரண்டாம் முகாமில் நான் ஒரு மேஜை கேட்டேன். மேலே ஒரு டியூப்லைட்டும் கேட்டேன். எதற்கென்று கேட்டார்கள். "செக்கிங்குக்குங்க" என்றேன். ஒவ்வொரு பையனையும் அதன் மேல் உட்கார வைத்துப் பார்ப்பேன். நெற்றி சுடுகிறதா, சளி கட்டியிருக்கிறதா, சிரங்கு இருக்கிறதா? இருந்தால் சட்டைக் காலரில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கம்பெனியில் கேட்டு ஒரு ரோல் வாங்கி வந்திருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய பையனை டாக்டர் முதலில் பரிசோதித்த பிறகுதான் மற்றது.

பையன்கள் சும்மா இருப்பார்களா? "டேய், இவன் டேமேஜ் பீஸுடா!" என்று கத்துவார்கள். ஒரு பையன் பயத்தில், நான் திரும்பிய நேரம் பார்த்து ரோலிலிருந்து ஆறு ஸ்டிக்கர் கிழித்து உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, "ஆயாம்மா, நான் முழுசா ரிஜெக்ட்டு. ஊட்டுக்கு அனுப்பிருங்க" என்றான். அவனுக்கு ஒரு நோயும் இல்லை, கொழுப்புதான்.

ஹாலின் நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் பொம்பளைகளும் என் மேஜையும். அந்தப் பக்கம் ஆம்பளைகள், கேள்வி அச்சடித்த பாரம் எழுதும் இடம், டாக்டருடைய கட்டில். நான் பார்த்து முடித்ததும் பையன் திரைக்கு அந்தப் பக்கம் அத்தாவிடம் போவான், அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா பாரத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தப் பாரத்தில், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத நோய் உண்டா என்று ஒரு கேள்வியும் இருந்தது. கேட்பது அத்தாவிடம், பதில் சொல்வதும் அத்தாதான். அப்போதெல்லாம் நான் ஒரு முகாமிலும் திரையைத் தாண்டியது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் எங்கேயோ விசாரித்து, ஒஸ்தா இபுராகிமைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். "கத்தி புடிக்க நான் இருக்கறனுங்க. பையன் கையப் புடிக்க உங்கள மாதிரி ஆளு எனக்கு இல்லீங்க" என்று சொன்னாராம். ஒஸ்தா கட்டில் தலைமாட்டில் நின்று பையன்களோடு பேசுவார். டாக்டர் ஊசியை எடுக்கும் நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்கும்: "அங்க பாரு, மயிலு!" ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு சாதிக் படுத்திருந்த கட்டில் கண்ணில் வந்துவிட்டுப் போகும்.

3. அப்பாஸ்

நாலாவது முகாமா அஞ்சாவதா தெரியவில்லை. காலை பத்து மணி இருக்கும். அப்பாஸ் என்று ஒரு பையன், எட்டு வயது. அத்தா மீரான் தெற்கத்திக்காரர், இங்கே நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அம்மா ஷரீபாவுக்குப் பொங்கலூர்ப் பக்கம். பையனுக்கு வயது தள்ளிப் போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசி, மீரான் அன்றைக்கு எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். சாயங்காலம் ஊர்வலத்துக்குக் குதிரை சொல்லியாகிவிட்டது. ஊரிலிருந்து ஆள் வந்து இறங்கிவிட்டார்கள்.

பையன் என் மேஜையில் உட்கார்ந்தான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. பாஸ் என்று இறக்கிவிடப் போனேன். அப்போது காலைப் பார்த்தேன். செக்கிங்கில் ஒரு பழக்கம் உண்டு. சட்டையை நடுவில் மடித்து, இடது கையும் வலது கையும் ஒரே அளவா என்று ஒட்டிப் பார்ப்போம். கை தானாகவே போய் அவனுடைய இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்தது. வலது முட்டி பெரிது. கீழே கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம், பழைய நீலத்தின் மேல் புது நீலம்.

"என்ன கண்ணு இது?"

"பந்து வெளாண்டேன் ஆயாம்மா."

"பந்து பட்டா இவ்வளவா?"

"எனக்கு இப்படித்தான் ஆகும்" என்றான், பெருமையாக.

காலரில் ஸ்டிக்கர் ஒட்டி அந்தப் பக்கம் அனுப்பினேன். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த பையனைத் தூக்கி உட்கார வைக்கும்போது ஷரீபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதுக்குங்கக்கா எம் பையனுக்கு ஸ்டிக்கரு?"

"முட்டி வீங்கியிருக்குதே கண்ணு. அடிபட்டா ரத்தம் லேசுல நிக்காதா அவனுக்கு?"

அவள் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"பல்லு விழுந்தப்ப மூணு நாளு நிக்கலீங்க. தலகாணி உறையெல்லாம் நனைஞ்சு போச்சு." குரலை இறக்கினாள். "அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான். சுன்னத்து பண்ணுன அன்னிக்கு ரத்தம் நிக்காமயே மவுத்தாயிட்டான். கண்ணு பட்டிருச்சுன்னு சொல்லிட்டாங்க. வெளிய சொன்னா உன்னையக் கட்ட ஆரும் வர மாட்டாங்கன்னு எங்கம்மா வாயத் தொறக்க உடல. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாதுங்கக்கா."

"பாரத்துல கேட்டிருப்பாங்களே?"

"அவரத்தான கேட்டாங்க."

அந்த நேரத்தில்தான் திரைக்கு அந்தப் பக்கம் ஒஸ்தாவின் குரல் கேட்டது.

"என்னடா அப்பாஸு, மாப்பிள்ள மாதிரி இருக்கற! அங்க பாரு, மயிலு!"

ஸ்டிக்கர் ஒட்டிய பையன் எப்படிக் கட்டிலுக்குப் போனான் என்று யோசிக்க நேரம் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் கால்தான் போயிற்று, நான் போனதாக எனக்கு நினைவில்லை.

அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். காசிம் பாய் எழுந்தார். "ஏனுங்க மைமூனக்கா, பொம்பளைங்க திரையத் தாண்டி இக்கட்டால வரக்கூடாதுன்னு தெரியாதுங்களா?"

டாக்டர் மரத்துப்போகும் ஊசியைக் கையில் வைத்திருந்தார். பையன் மயிலைத் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே நிற்கிறேன்.

ஒஸ்தா என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் கையை அப்படியே பிடித்துவிட்டார். "சித்த நில்லுங்க டாக்டரே. இந்தப் புள்ள வெறுமனே வராது."

"ஊசி போடாதீங்க!" என்றேன். ஹால் முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. "இவனோட மாமன் சுன்னத்துல ரத்தம் நிக்காம செத்திருக்கறான். இவன் முட்டியப் பாருங்க. நான் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புனேன்."

சொல்லாதே என்று ஷரீபா கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

மீரானுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசுதிய நீங்க? ஸ்டிக்கர நாந்தான் பிச்சுப் போட்டேன். எம் மவன் என்ன ரிஜெக்ட்டு பனியனா, நெத்தியில சீட்டு ஒட்டி அனுப்புததுக்கு? எங்க வாப்பாவுக்கு, பெரிய வாப்பாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும் நல்லபடியாத்தான் நடந்துச்சு. எங்க வம்சத்துல அப்படி ஒரு சீக்கும் கெடையாது!"

"உங்க வம்சத்துல இல்லீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஷரீபா. திரையைத் தாண்டி அவளும் வந்துவிட்டாள். "எங்க வம்சத்துல இருக்குது."

காசிம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாரும் இக்கட்டால வந்துட்டா திரை எதுக்குங்க?"

"எனக்கும் அதான் தெரியல பாய், கழட்டிருங்க" என்றார் டாக்டர். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பையனின் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். ஷரீபாவிடம் நாலு கேள்வி கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அட கெரகமே. இது அம்மா வழியா ஆம்பளப் பையனுக்கு வர்ற நோயி. படிச்சவன் எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுட்டே அப்பனக் கேட்டுக் கையெழுத்து வாங்கிட்டிருக்கறன் பாருங்க."

"சோதிச்சுப் பாக்காம அப்படிச் சொல்லக்கூடாது சார்" என்றார் மீரான். குரல் இறங்கியிருந்தது.

"சோதிச்சே பாத்துரலாமுங்க."

கையில் ரத்தம் எடுத்தார்கள். அந்த ஊசித் துளைக்கே பஞ்சை வைத்து நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அழுத்திப் பிடித்தது ஒஸ்தா. பஞ்சை எடுக்கும்போதெல்லாம் மறுபடி சிவப்பு. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. 'இதே கையால் இந்தப் பையனுக்கு நான் செய்திருந்தால்?' என்று அவர் நினைத்திருப்பார்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது. ரத்தம் உறைய வேண்டிய நேரத்தைவிட ரொம்ப அதிகம் ஆகிறதாம். கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டி உறுதி செய்ய வேண்டும், அதுவரை பையனை ஒரு ஊசிகூடக் குத்த விடாதீர்கள் என்றார் டாக்டர்.

மீரான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். குதிரைக்காரன் போன் அடித்துக்கொண்டே இருந்தான், அவர் எடுக்கவில்லை. பிறகு ஷரீபாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, புள்ள."

ஷரீபா அழவில்லை. "என்னைய ஆருங்க கேட்டாங்க?" என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எட்டு வயதுப் பையன், கால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிற்று. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

ஹாலில் ஒஸ்தா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தடவை திறந்த வாய் மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"பாய், எங்க சாதிக்குக்குச் சீழ் புடிச்சது உங்க கத்தியால இல்லீங்க. நான் கொண்டாந்த பனியன் வேஸ்ட்டால. எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லல."

அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார்.  எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"அந்தத் துணியக் கட்டுனது நாந்தான புள்ள. மோந்து பாத்தேன், மருந்து நெடி அடிச்சுது. புதுத்துணி நெடின்னு உட்டுட்டேன்." துணியை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா ஒண்ணு. இன்னிக்குத்தான் வாய் தொறந்திருக்குது உனக்கு. மூடறதுக்குள்ள அப்படியே போயி காசிம் பாய்கிட்டயும் சொல்லிரு. என்னைய ஊருக்குள்ள கூப்புட வேண்டாம்னு மொதல்ல சொன்னதே அவுரோட அத்தாதான்."

போய்ச் சொன்னேன். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். காசிம் பாய் நடந்து வந்து ஒஸ்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கையக் கழுவிட்டுப் புடிங்க பாய், இது முகாமு" என்றார் ஒஸ்தா. சிரித்துவிட்டோம். நான் சிரித்ததோடு அழுதும்விட்டேன்.

4. பாஸ்

கோயம்புத்தூரிலும் அதையேதான் சொன்னார்கள். ஹீமோபிலியா என்று பெயர். ரத்தத்தை உறைய வைக்கும் சத்து ஒன்று பிறவியிலேயே குறைவு. அந்தச் சத்தை ஊசியாக ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் சுன்னத் செய்யலாம் என்றார்கள். மீரான் முதலில் பயந்தார். பிறகு அவரே எல்லாக் கேள்வியையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேள்வி கேட்கும்போதெல்லாம் ஷரீபாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாராம்.

சில மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி, நல்லபடியாகச் செய்தார்கள். காயம் ஆறும்வரை அங்கேயே வைத்திருந்து, முழுசாகத் தேறிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீதியில் தப்பட்டைச் சத்தம். வாசலுக்கு வந்தேன். குதிரை வருகிறது. மேலே அப்பாஸ், பட்டுச் சட்டை, ரோசாப்பூ மாலை, கண்ணுக்கு மை. விழாமல் இருக்க மீரான் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார். மறுபக்கம் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் இபுராகிம் ஒஸ்தா. கேட் வாட்ச்மேன் சட்டை இல்லை. வெள்ளை ஜிப்பா, தலைப்பாகை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு சலாம் சொன்னார்கள். அதை நான் எண்ணிக்கொண்டே நின்றேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

என் வீட்டு முன்னால் குதிரை நின்றது. மேலிருந்து பையன் கத்தினான். "ஆயாம்மா! பாஸ் ஸ்டிக்கர் எங்க?"

உள்ளே ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். தையல் டப்பாவில் பழைய ரோல் ஒன்று கிடந்தது, பச்சை வட்டம், பேக்கிங்குக்குப் போகும் நல்ல பீஸுக்கு ஒட்டுவது. பசை காய்ந்து போயிருந்தது. நாக்கில் ஈரம் தொட்டுப் பட்டுச் சட்டைக் காலரில் அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது.

பையன் குனிந்து காலரைப் பார்த்தான். பிறகு ஒஸ்தாவைத் தட்டி, "பாய், அங்க பாருங்க, மயிலு!" என்றான். அவர் நிஜமாகவே நிமிர்ந்து ஓட்டு மேல் தேடினார். வீதியே சிரித்தது.

இப்போது முகாமில் பாரம் முதலில் அம்மா கைக்கு வருகிறது. முதல் கேள்வி இதுதான்: உன் கூடப் பிறந்த ஆண்பிள்ளை, உன் அம்மா கூடப் பிறந்த ஆண்பிள்ளை, இவர்களில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதா? தனியாக உட்கார வைத்து, அவசரப்படாமல் கேட்கிறோம். அம்மா இல்லாத பையனாக இருந்தால் பெரியம்மா, சின்னம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்கிறோம். இந்திக்காரக் குடும்பங்கள் நிறைய வருவதால், பீகார்க்கார டெய்லர் பிள்ளை ஒருத்தியை அந்தக் கேள்வியை அவர்கள் பாஷையில் கேட்கச் சொல்லி செல்லில் பதிந்து வைத்திருக்கிறோம். குன்னத்தூர் ஜமாஅத்திலும் இந்தப் பாரத்தை வாங்கிப் போனார்கள். போன வருசம் அங்கே ஒரு பையனை அந்த ஒரு கேள்வியால் கண்டுபிடித்து கோயம்புத்தூர் அனுப்பினார்களாம். டாக்டர் போனில் சொன்னபோது, நான் "அப்புடீங்களா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் தனியாகக் கை தட்டினேன்.

புதுசாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று எடுக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், ஒட்டிய பையன் யார் கையில் போய்ச் சேர்ந்தான் என்று பாருங்கள். வாய் பேசாதவளைக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவள் சொல்ல மாட்டாள். நான் சொல்லாமல் இருந்தவள், எனக்குத் தெரியும்.

இதை யாராவது ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். நோயின் பெயரை நான் எழுதிய மாதிரிதான் எழுதுவார்களா என்று டாக்டர் பார்க்கட்டும். வீங்கியது வலது முட்டிதானா, அது எத்தனையாவது முகாம், குதிரை வெள்ளையா பழுப்பா என்பதெல்லாம் மீரானைக் கேட்டால் தெரியும். ஷரீபாவையும் கேளுங்கள், அவளை முதலில் கேளுங்கள். தப்பு இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். வேஸ்ட் துணி கொண்டு வந்தது நான் என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் யாரும் அடிக்க வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.